சோம்பிகளுக்குப் பெரட்டு எடுத்தவர்

அந்தோணித் தம்பி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பது மணி இருக்கும். ரவாங்கில் ஆபீஸில் இருந்த என் பேத்தி ஷாமினி போன் செய்தாள். "பாட்டி, அங்கிள் காலைல எழுந்திருக்கல" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "மேரிய எழுப்பிவிடச் சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம்தான் புரிந்தது. மிச்சமிருந்த மீனையும் கழுவி முடித்துத்தான் கையைத் துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆறு புத்தகங்களில் செத்தவர்களை எழுப்பி நடக்கவிட்டு, பிறகு ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் படுக்க வைத்த மனிதர், தான் மட்டும் யாரும் கூப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு அவரைத் தெரியும். என்னைத் தெரிந்திருக்காது. 'இரும்பு மண்டோர்' படக்கதைப் புத்தகத்தின் உள்பக்கத்தில், 'வண்ணம்: ஷாமினி' என்று போட்டிருக்கிறதே, அந்த ஷாமினியின் பாட்டி நான். ஆறு புத்தகத்தையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாலும் காட்டுகிறவள். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஏழாம் புத்தகத்தின் கடைசியில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று அவர் மனைவி மேரி கேட்டபோது, படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றேன். "படிச்சவங்க அவரப் பத்தி எழுதிடுவாங்க மா. நீங்க அவரு பேசுனத எழுதுங்க" என்றாள். நான் எழுதினேன், ஷாமினி டைப் செய்தாள். பிழை இருந்தால் அவளுடையது.

அவர் செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். வீடு சுங்கை சோவில். பிறந்தது கோலசிலாங்கூர் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். ஷாமினி எங்கோ ஒரு புத்தக விற்பனையில் அவர் படங்களைப் பார்த்துவிட்டு, நான் வண்ணம் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து அவர் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கலியாணம் ஆகாத பெண்ணைப் பார்க்க ஐம்பது வயது ஆம்பளை பையைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று நான் கதவைப் பாதிதான் திறந்தேன். அவருக்குப் பின்னால் மேரி நின்றாள். "உங்களுக்கு இப்படித் தோணும்னுதான் மா இவள முன்னாடி வரச் சொன்னேன். செருப்பு கழட்ட நேரமாக்கிட்டா" என்றார். கதவை முழுசாகத் திறந்தேன்.

அன்றைக்கே ஒரு தப்பு நடந்தது. தப்பு என்னுடையது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு ரப்பர் தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறார்கள். இடுகாட்டில் மண்வாரி இறங்கியதும், புதைத்தவர்கள் எழுந்து கோலசிலாங்கூர் ரோட்டில் நடக்க ஆரம்பிக்கிறார்கள். அவர்களைத் தடுக்க ஒரு ரோபோ வருகிறது. ரப்பர் பால் கொட்டாயில் கிடந்த உருளை மிஷினையும் பழைய மோட்டார் சைக்கிளையும் சேர்த்துச் செய்த ரோபோ. நெற்றியில், விடியுமுன் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டுகிற விளக்கு. நாற்பது ஆள் பலம். முதுகில் ஒரு துணி பறக்கும்.

எழுந்து நடக்கிற செத்தவர்களை இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஸோம்பி என்கிறார்கள். அந்தோணித் தம்பி 'ஸ' போட மாட்டார். தமிழில் எழுதினால் தமிழ் எழுத்தில் எழுது என்று சொல்லிக் கொடுத்த வாத்தியாரிடம் படித்தவர். என் பேத்தியின் பேரை மட்டும்தான் அவர் மாற்றவில்லை. அதனால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'சோம்பிகள் வருகிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

நான் தேத்தண்ணி வைக்கும்போது அதைப் படித்தேன். வரிசையாகத் தலை தொங்கி நடந்து வருகிற ஆட்கள். எதிரே ரோபோ, கையில் துப்பாக்கி. எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏன் தம்பி, சோம்பிக் கெடந்தா சுட்டுப்புடுவீங்களா?" என்றேன்.

"என்னா பாட்டி?" என்றாள் ஷாமினி.

"வேலைக்கி வராம சோம்பிக் கெடந்தவங்கதானே இவங்க? பெரட்டுல நிக்க வச்சு பேரக் கூப்பிட்டா வந்துட்டுப் போறாங்க. அதுக்கு எதுக்குத் துப்பாக்கி?"

ஷாமினி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அலாமா பாட்டி, அது சோம்பேறி இல்ல லா, ஸோம்பி." எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு இப்படித்தான், நாலு பேர் முன்னால் காலை வாரிவிடும்.

அந்தோணித் தம்பி சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார். "இருங்க மா. பெரட்டுல பேரு கூப்பிட்டா என்ன செய்வாங்க?" என்று கேட்டார். தோட்டத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா? ஆனாலும் என் வாயால் சொல்லச் சொன்னார். விடியுமுன் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்போம், கணக்கு எழுதுகிற கிராணி பேரேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், கூப்பிட்டவர் 'இருக்கேங்க' என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு நகரலாம், அதுவரை நகரக்கூடாது என்று சொன்னேன்.

"பேரு கூப்பிடாட்டி?"

"கூப்பிடற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்."

அவர் ரப்பரை எடுத்தார். ரோபோவின் கையில் இருந்த துப்பாக்கியை அழித்தார். அந்த இடத்தில் ஒரு பேரேட்டை வரைந்தார். நீங்கள் எல்லோரும் படித்த 'இரும்பு மண்டோர்' அன்றைக்குத்தான் பிறந்தது. அந்தப் பேரேடு அங்கே வந்தது என்னால்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

மண்டோர் என்றால் வேலை வாங்குகிற கங்காணி. அந்தப் பேரில் எனக்குச் சம்மதம் இல்லை. "மண்டோர் எந்த ஊருல தம்பி நல்லவரா இருந்தாரு?" என்று சண்டை பிடித்தேன். எங்கள் லயத்துக்கு வந்த மண்டோர் வீடு வீடாகக் கதவைக் கம்பால் தட்டி, காய்ச்சல்காரரையும் எழுப்பிக்கொண்டு போவார். அந்தோணித் தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய மண்டோரு படுத்தவங்கள அடிச்சு எழுப்புனாரு மா. இவரு எழுந்தவங்கள பேரு சொல்லிப் படுக்க வைப்பாரு. கணக்கு நேராயிடும்" என்றார். பேச்சை மாற்ற, "அது என்ன முதுகுல கைலி?" என்றேன்.

"அது கேப்பு லா பாட்டி. சூப்பர் ஹீரோ எல்லாருக்கும் இருக்கும்" என்றாள் ஷாமினி.

"அவுந்துடாதா?"

இரண்டாம் புத்தகத்தில் இரும்பு மண்டோரின் துணி ஒரு வேலியில் மாட்டி அவிழ்ந்துபோகும். அந்தப் பக்கத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகம் சிரித்தார்கள் என்று அவர் சொன்னார்.

அவர் எங்கள் வீட்டில் எதையும் முழுசாகக் குடித்ததில்லை. தேத்தண்ணி பாதி. தண்ணீர் ஒரு வாய். ஒரு முறை இளநீர் வெட்டிக் கொடுத்தேன், தொடவே இல்லை. "குடிங்க தம்பி, சூட்டுக்கு நல்லது" என்றதற்கு, "எனக்குத் துருப் பிடிச்சிடும் மா" என்றார். நம் வீட்டுத் தண்ணீர் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பூசைக்குப் போகிறவர்கள் அப்படித்தானோ என்று தப்பாக நினைத்துவிட்டேன். மேரியிடம் ஜாடையாகக் கேட்டேன். அவள் அவருடைய சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். இடது முழங்கைக்குக் கீழே கயிறு போல் நரம்பு புடைத்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் கிட்னி மிஷினில் உட்காருகிறாராம். தண்ணீர் அளவாகத்தான் குடிக்கலாம், இளநீர் கூடவே கூடாது. மூன்றாம் புத்தகம் பாதிக்கு மேல் அந்த மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்ததுதானாம்.

நான் வருத்தப்பட்டதைப் பார்த்து, "ஊசி குத்தற கை வேற, வரையற கை வேற. அதுக்குத்தான் மா கடவுள் ரெண்டு கொடுத்தாரு" என்றார். நான்காம் புத்தகத்தில் ஒரு கிழவி இரும்பு மண்டோருக்கு இளநீர் கொடுப்பாள், அது குடித்துவிட்டுப் பாதி வழியில் அசையாமல் நின்றுவிடும். அந்தக் கிழவியின் மூக்குத்தி என்னுடையது.

அதே நான்காம் புத்தகத்தில்தான் எனக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் என் வீட்டுக்காரர் படம் மாட்டியிருக்கிறது. சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு நிற்பார். அவர் போய் இருபத்தைந்து வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமினி கம்ப்யூட்டரில் வண்ணம் போடுவதை எட்டிப் பார்த்தேன். சோம்பி வரிசையின் கடைசியில், கையில் பால் வெட்டுகிற உளியோடு, கழுத்துப் பொத்தான் போட்டபடி அவர் நின்றார்.

"என்னைக் கேக்காம செத்த மனுசன சோம்பியாப் போட்டிருக்கீங்களே" என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டிருக்கணும் மா. தப்புதான்" என்றார். பிறகு, "வரிசைல நிக்கறவங்க எல்லாரும் யாரோ ஒருத்தரோட ஆளுதான் மா. ஆளு இல்லாத சோம்பி எனக்கு வரைய வரல" என்றார்.

மூன்று ஞாயிறு நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. தேத்தண்ணி மட்டும் ஷாமினியிடம் பாதிக் கிளாஸ் கொடுத்தனுப்பினேன். நாலாவது ஞாயிறு நானே போய் நின்று, "சரி, அவர எப்பப் படுக்க வைப்பீங்க?" என்றேன்.

"பேரு சொல்லுங்க, அடுத்த பக்கத்துலயே."

"ராமையா."

பேசுகிறவர் வாய்ப் பக்கத்தில் அவர்கள் வட்டம் போட்டு அதற்குள் எழுதுவார்களே, அதை நான் முட்டை என்பேன். கடைசியில் அவர்களும் முட்டை என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இரும்பு மண்டோரின் வாய்ப் பக்கத்து முட்டையில் 'ராமையா' என்று எழுதினார். பார்த்தேன். மனசு ஒட்டவில்லை. அவர்கள் புறப்படுகிற நேரத்தில், "தம்பி, அவரு அதுக்குத் திரும்ப மாட்டாரு" என்றேன்.

ராமையா என் வீட்டுக்காரரின் அண்ணன். கைக்குழந்தையிலேயே போய்விட்டார். இரண்டு வருடம் கழித்துப் பிறந்த இவருக்கு, எதற்கு மறுபடி அலைய வேண்டும் என்று அண்ணனுக்கு எடுத்த பிறப்புச் சூராவையே வைத்துவிட்டார்கள். தோட்டத்தில் இது பெரிய விஷயம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையான ஐசியிலும் கிராணி பேரேட்டிலும் இவர் ராமையா. ஐசியில் வயது இரண்டு அதிகம். இறந்தபோது வந்த கடிதத்திலும் ராமையாதான் இறந்தார். வீட்டில் கூப்பிட்ட பேர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அதைக் கூப்பிட்ட மாமியாரும் கொழுந்தன்மாரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தோணித் தம்பி 'ராமையா'வை அழித்துவிட்டு, "வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்க மா?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. எங்கள் காலத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்ததில் ஒரு நாள் நான் அதைச் சொன்னதில்லை. 'ராமையா' என்று எந்தக் கவுண்டரிலும் சொல்வேன், அது அவருடைய பேர் இல்லையே.

"ஆயுசுதான் முடிஞ்சிடுச்சே பாட்டி. இன்னும் என்ன குறையப் போகுது?" என்றாள் ஷாமினி. ஞாயமான கேள்விதான். ஆனால் நாக்குக்கு ஞாயம் தெரியாது.

"சொல்ல வேணாம் மா, எழுதிடுங்க" என்று பென்சிலை நீட்டினார்.

"சொன்னா காத்துல போயிடும் தம்பி. எழுதுனா நிக்குமே" என்றேன். அவர் பென்சிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வற்புறுத்தவில்லை. முட்டைக்குள், 'உங்க பேரு இன்னும் வரல ஐயா. அடுத்த பெரட்டுல பாக்கலாம்' என்று எழுதினார். நான்காம் புத்தகத்திலும் ஐந்திலும் ஆறிலும் கடைசி வரிசையில் அந்த ஐயா உளியோடு நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யார் இவர், ஏன் இவரை மட்டும் படுக்க வைக்கவில்லை என்று கேட்டு எழுதியவர்களுக்கு அந்தோணித் தம்பி பதில் சொன்னதில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தோணித் தம்பிக்கு அதே ஒரு கேள்விதான். வாசகர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படத்தை அனுப்ப ஆரம்பித்தார்கள், இவர்களையும் பெரட்டில் நிறுத்துங்கள் என்று. ஒவ்வொருவருக்கும் அவர், 'வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள்?' என்று கேட்டு எழுதுவார். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு பெண் பிள்ளை, பாட்டியின் பேர் லெட்சுமி என்று எழுதியிருந்தாள். இவர் கேட்ட பிறகு, வீட்டில் விசாரித்து, 'பொட்டு' என்று எழுதினாள். 'எனக்கே தெரியாது அங்கிள், அம்மா சொல்லும்போது அழுதார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்தக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது அவர் போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன். மெலிந்திருந்தார். ஏழாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். புல்லில் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். விடிகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் நிற்கிறார். இரும்பு மண்டோர் பேரேட்டை மூடிவிட்டு அவர் முன்னால் குனிந்து நிற்கிறது. முட்டை காலியாக இருந்தது.

"இந்தத் தடவ அடுத்த பெரட்டுன்னு எழுதல மா" என்றார்.

"ஏன் தம்பி?"

"கதை முடியுது."

நான் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாதிக் கிளாஸைக் குடித்துவிட்டு எழுந்தார். எழுத்துக்கு வைத்திருக்கிற கறுப்புப் பேனாவைப் பக்கத்தின் மேல் வைத்தார். "அவசரம் இல்ல மா. பேனாவ இங்கயே வச்சிட்டுப் போறேன்" என்றார். வாசலில் நின்று செருப்பு மாட்டிக்கொண்டே, "எழுதாட்டியும் பரவால்ல. அவரு நிக்கறதுல எனக்குக் கோவம் இல்ல. அழகாத்தான் நிக்கறாரு" என்றார்.

சுங்கை சோ வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது கோயில்காரர்கள் பாட்டுப் பாடினார்கள். ஒருவர் அவருடைய பேரை, அப்பா பேர் சேர்த்து முழுசாக வாசித்தார். பெட்டியில் இருந்தவருக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி எனக்குப் பட்டது. மேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "வீட்டுல இவர என்னன்னு கூப்பிடுவீங்க?"

அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "சொன்னா சிரிப்பீங்க மா. குண்டு."

"இந்த ஒடம்புக்கா?"

"சின்னப்புள்ளையில குண்டா இருந்தாராம். எங்க மாமியாரு வச்ச பேரு. அவங்க போனப்புறம் நான் ஒருத்திதான் கூப்பிடறேன். நான் சொல்லாட்டி யாருக்கு மா தெரியும்? என்னோட போயிடும்."

ஷாமினி முன்னால் குனிந்து, "ஆண்டி, கடைசிப் பக்கத்துல அங்கிளையும் வரிசைல சேத்துடவா? அந்தப் பேரப் போட்டு?" என்று கேட்டாள்.

மேரி யோசித்தாள். "வேணாம் பாப்பா. அவரு எழுந்து நடக்க மாட்டாரு. ஆறு வருசமா நல்ல தூக்கம் இல்ல. தூங்கட்டும்" என்றாள். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பி, அங்கே இருந்த எல்லோர் முன்னாலும், தயக்கமே இல்லாமல், "என்ன குண்டு?" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மேரி சொன்னதுதான் காதில் இருந்தது. நான் சொல்லாட்டி யாருக்குத் தெரியும்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஷாமினியைப் பக்கத்தை மேசையில் விரிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பேனாவின் மூடியைத் திறந்தேன். ஐந்தாம் வகுப்பில் கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல, ஒவ்வொரு எழுத்தாக, முட்டைக்கு வெளியே போகாமல் எழுதினேன். 'டி'யின் சுழி மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. ஷாமினி கம்ப்யூட்டரில் சரி செய்கிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அவள் குனிந்து படித்தாள். "சடையாண்டி. தாத்தா பேரு சடையாண்டியா பாட்டி?"

என் வீட்டில் அந்தப் பேரை இன்னொரு வாய் சொல்லிக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. 'இருக்கேங்க' என்று பதில் வரும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு நானும் ஒரு முறை சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் படத்துக்கு அடுத்த கட்டத்தில் அவர் உளியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கிறார். அந்தக் கட்டத்தை அந்தோணித் தம்பி முன்பே வரைந்து, ஷாமினியிடம் தனியாகக் கொடுத்து வைத்திருந்தாராம். பாட்டி எழுதிய பிறகுதான் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

பேனா என்னிடம்தான் இருக்கிறது. மேரி கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதோடு அவருடைய கேள்வியையும் வைத்துக்கொண்டேன். இப்போது எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்து, வீட்டில் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று கேட்கிறேன். சிலர் அழுகிறார்கள், சிலர் மேரி மாதிரி சிரிக்கிறார்கள், சொல்லாதவர் இதுவரை இல்லை. என் ஐசியில் இருப்பதும் வீட்டில் கூப்பிட்ட பேர் இல்லை. அதை ஷாமினியிடம் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் புத்தகத்தில் போட அவசரம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.